கொள்ளுத்தாத்தா கார்டு

சென்னையில் இப்போது யாராவது காபிக் கடை திறந்தால், காபிப் பொடிக்கு முன்னால் பழைய மெட்ராஸ் படங்களை வாங்கிவிடுகிறார்கள். நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் மூர் மார்க்கெட், எதிர்ச் சுவரில் டிராம் ஓடும் மவுண்ட் ரோடு, கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டு வண்டி. எல்லாமே டீயில் முக்கி எடுத்துக் காயவைத்த மாதிரி ஒரே பழுப்பு. காபி நூற்றுச் சொச்சம், ஜிஎஸ்டி தனி. பக்கத்து மேசைப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரோடு எவ்ளோ காலியா இருந்திருக்கு பாரேன், அப்பவே பொறந்திருக்கணும்டா" என்று நண்பனிடம் பெருமூச்சு விட்டான். அப்போது பிறந்திருந்தால் அந்த ரோட்டில் அவனுக்கு என்ன வேலை கிடைத்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தச் சுவர்ப் படங்களில் பலவும் பழைய பிக்சர் போஸ்ட் கார்டுகளைப் பெரிதாக்கியவை. மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம், சட்டைப் பையில் அடங்கிவிடும் அட்டை. அதை ஆறடிக்கு இழுத்து மாட்டினால் வானம் பெரிதாகிறது, கட்டடம் பெரிதாகிறது; மனிதர்கள் மட்டும் புகையாகிவிடுகிறார்கள்.

நான் வளர்ந்தது பெரியமேட்டில். மூர் மார்க்கெட் நடக்கிற தூரம். எழுபதுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சித்தப்பாவுக்குப் பொழுது அங்கேதான். சிவப்புச் செங்கல் கட்டடத்தைச் சுற்றிப் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளிக்கூண்டு, மீன்தொட்டி என்று தேடினால் கிடைக்காதது இல்லை. இந்தக் கார்டுகளைச் சரக்கு என்றே யாரும் மதிக்கவில்லை. ஏதோ ஒரு துரை வீட்டுச் சாமான் ஏலத்தில் போனபோது அலமாரியோடு வந்திருக்கும். பிஸ்கட் டப்பாவில் சணலால் கட்டிப் போட்டிருப்பார்கள். விலை கேட்டால் பேரம் பேச வேண்டும், பேரம் பேசினால் வாங்கியே தீர வேண்டும், வாங்காமல் நகர்ந்தால் கடைக்காரர் நம் மூன்று தலைமுறையையும் விசாரிப்பார். இதுதான் மூர் மார்க்கெட் சட்டம். சித்தப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஏதாவது ஒரு புத்தகத்தை வாங்கிக் காசு கொடுத்த பிறகு, "அப்படியே நாலு அட்டை போடுப்பா, பக்கத்துக்கு அடையாளம் வைக்க" என்பார். கடைக்காரர் எண்ணிப் பார்க்காமல் ஒரு கொத்தை எடுத்துப் போடுவார்.

வீட்டுக்கு வந்த கார்டுகளுக்கு அம்மா உடனே வேலை கொடுத்துவிடுவாள். அட்டை கெட்டி; பென்சில் நன்றாகப் பிடிக்கும். செனட் ஹவுஸின் முதுகில் எங்கள் வீட்டுப் பால் கணக்கு: காலை அரை, மாலை கால், செவ்வாய் வரவில்லை. சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் சலவைக் கணக்கு: வேட்டி நாலு, சேலை மூன்று, தலையணை உறை ஒன்று குறைகிறது. போன வருடம் ஒரு சேகரிப்பாளர் வீட்டுக்கு வந்து அந்தக் கார்டுகளைப் பார்த்தார். முன்பக்கத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பால் கணக்கை நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தார். "கட்டடப் படம் எல்லார்கிட்டயும் இருக்கு சார், இதுதான் ஹெரிட்டேஜ்" என்றார். அம்மா இருந்திருந்தால் தலையணை உறையைப் பற்றி அவரிடம் விசாரித்திருப்பாள்.

இப்போது ஹெரிட்டேஜ் என்கிறோமே, அந்தக் கார்டுகளில் இருப்பதெல்லாம் அன்றைக்குப் புத்தம் புதுச் சமாச்சாரம். சென்ட்ரல் ஸ்டேஷன் 1873. செனட் ஹவுஸ் 1879. ஹைகோர்ட் 1892, இரண்டு வருடம் கழித்து அதன் கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கம். டிராம் 1895. மூர் மார்க்கெட் 1900. ஹிக்கின்பாதம்ஸ் 1844இல் தொடங்கிய கடை என்றாலும் மவுண்ட் ரோட்டில் இன்றும் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடம் 1904இல் எழுந்தது. 1905 வாக்கில் கார்டு வாங்கியவர் பழமையைப் போற்றி வாங்கவில்லை. எங்கள் ஊரில் என்னவெல்லாம் வந்துவிட்டது பார் என்று ஊருக்கு எழுதினார். இன்று மெட்ரோ ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் நின்று படம் எடுத்துத் தென்காசிக்கு அனுப்புகிறார்களே, அதே காரியம். அன்று ஏக்கம் பிடித்த கிழவர் யாராவது இருந்திருந்தால், "இந்தக் கட்டடம் எல்லாம் வருவதற்கு முன்னால் இங்கே எவ்வளவு தென்னை மரம் தெரியுமா" என்றுதான் சொல்லியிருப்பார்.

கார்டுகளை வெளியிட்டதில் ஹிக்கின்பாதம்ஸும் ஸ்பென்சரும் பெரிய கை. படம் எடுத்த ஸ்டூடியோக்களில் வீலே அண்டு கிளைன் பெயர் பெற்றது. படம் மெட்ராஸில் எடுத்தாலும், அச்சடித்தது பெரும்பாலும் ஜெர்மனியில். அந்த நாளில் உலகத்துக் கார்டு அச்சுத் தொழிலே அவர்கள் கையில்தான் இருந்தது. பின்பக்கத்து மூலையில் சாக்ஸனி என்றோ ஜெர்மனி என்றோ பொடி எழுத்தில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம் கப்பலில் போய், அங்கே நிறம் பூசிக்கொண்டு திரும்பி வரும். நிறம் பூசியவர் மெட்ராஸைப் பார்த்திருக்க வழியில்லை. அதனால்தான் மயிலாப்பூர் குளத்துத் தண்ணீர் ஐரோப்பிய ஏரி நீலத்தில் இருக்கிறது. சித்தப்பா கொண்டுவந்த கொத்தில் ஒரே படம் இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றில் குளக்கரைப் பெண்ணின் சேலை பச்சை, மற்றதில் ரோஜா நிறம். ஒன்றில் வானத்தில் மேகம், மற்றதில் துடைத்து விட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, பழைய படம் பொய் சொல்லாது என்பவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

அந்த ஜெர்மனிக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் கரைக்கு வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. துறைமுகத்துப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. படம் பிடிப்பவர்கள் அதையும் விடவில்லை. எரிந்து நெளிந்த தொட்டிகளும் கார்டாகிவிட்டன. அத்தனை வருடம் மெட்ராஸின் முகத்துக்கு ரோஸ் பவுடர் போட்டு அனுப்பிய நாட்டுக்காரர்களே வந்து குண்டு போட்டார்கள். போர் வந்ததும் ஜெர்மன் அச்சு நின்றது. அதற்குப் பிறகு வந்த கார்டுகளில் நிறம் அவ்வளவாக ஒட்டவில்லை.

எழுதும் விஷயத்துக்கு வருவோம். முதலில் வந்த கார்டுகளில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் மேல்தான் எழுத வேண்டும். பிரிட்டனில் 1902இல் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதி சேதிக்கு என்று விட்டார்கள். மற்ற நாடுகளும் சில வருடங்களில் பின்தொடர்ந்தன. அதற்கு முந்தைய கார்டுகளில் மெரினா வானத்தில், கட்டுமரத்துக்கு மேலே, பாலத்துக்கு அடியில் எல்லாம் மசி ஓடும். அப்படி எழுதியதாவது ஏதாவது பெரிய சமாச்சாரமா என்று பார்த்தால், வெயில் தாங்கவில்லை, குழந்தைக்குச் சிரங்கு, அடுத்த கப்பலில் விரிவாக எழுதுகிறேன் என்கிற அளவுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு வயது நூற்றுக்கு மேல் இருக்கும்.

நம்மவர்கள் இந்தப் படக் கார்டை ஏன் வாங்கவில்லை என்று ஒரு ஆராய்ச்சிக்கார இளைஞர் என்னைக் கேட்டார். வறுமை, அந்நியமாதல் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். இடம் வீண், அவ்வளவுதான். அரசாங்கத் தபால் கார்டு 1879இல் காலணாவுக்கு வந்தது. நம் ஆட்கள் அதில் பிள்ளையார் சுழியிலிருந்து பிடித்து, க்ஷேமம், மழை, நெல் விலை, பெண் பார்க்க வந்தவர்கள், கடன்காரன் என்று எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் நெட்டுக்குத்தாக எழுதி, முகவரிப் பக்கத்திலும் இரண்டு வரி திணிப்பார்கள். நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு. படித்த கையோடு வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டு அடைத்துவிட்டால் நெல் விலையை எங்கே எழுதுவது? அந்தக் கார்டு இன்றும் 50 காசுக்குக் கிடைக்கிறது. 50 காசு நாணயத்தைத்தான் காணவில்லை; அதனால் கேட்காமலே இரண்டாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

கட்டடக் கார்டுகளுக்கு அடுத்தபடியாக விற்றவை ஆட்களின் கார்டுகள். மரத்தடியில் சவரம் செய்பவர், ஆற்றங்கரையில் துணி அடிப்பவர், தோல் பையில் தண்ணீர் சுமப்பவர், மரமேறி, பாம்பாட்டி, மசூலாப் படகுக்காரர்கள். கீழே தலைப்பு இருக்கும்: நேட்டிவ் பார்பர், வாட்டர் கேரியர் என்று. கட்டடத்துக்கு முழுப் பெயர் உண்டு. மூர் மார்க்கெட் என்றால் அது நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர். நேப்பியர் பாலம் என்றால் நேப்பியர் பிரபு. மன்றோ சிலையில் ஏறியிருப்பவர் பெயரோடு, குதிரைக்கு அங்கவடி இல்லை என்பது வரை ஊருக்கே தெரியும். சவரம் செய்பவர் மட்டும் சவரம் செய்பவர்தான். செய்துகொள்பவர் அதுவும் இல்லை.

இந்தக் குறையை எங்கள் குடும்பத்தில் சிந்தாதிரிப்பேட்டை அத்தை தீர்த்துவைத்தார். சித்தப்பாவின் கொத்தில் மவுண்ட் ரோடு கார்டு ஒன்று இருந்தது. நடுவில் டிராம், பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முண்டாசோடு ஒருவர். அத்தை கார்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவர்தான்டா எங்க தாத்தா. டிராம் கம்பெனியில கண்டக்டரா இருந்தார்."

"எப்படித்தை சொல்றீங்க? முகமே தெரியலையே."

"நிக்கிற தோரணை தெரியலை? உங்கப்பனும் இப்படித்தான் நிப்பான், ஒரு வேலையும் செய்யாம."

அன்றிலிருந்து அது கொள்ளுத்தாத்தா கார்டு. அதை மட்டும் அம்மாவின் பால் கணக்குக்குக் கொடுக்கவில்லை; பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார்கள். சில வருடம் கழித்துப் பெரியம்மா வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கார்டு, கண்ணாடிச் சட்டத்தில். அதே முண்டாசுக்காரர். அவர் பெரியம்மாவின் தாத்தாவாம். டிராமில் வேலை பார்க்கவில்லையாம், ஏறுவதற்காக நின்றாராம். இரண்டு குடும்பமும் ஒரே ஆளை ரொம்ப நாள் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அவர் சொத்து எதுவும் விட்டுப் போகாததால் கோர்ட் வரை போகவில்லை. நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிட்டப் போகப் போக மூக்கு, மீசை எல்லாம் கரைந்து வெறும் அச்சுப் புள்ளிகளாகிவிட்டார். அத்தையிடம் சொன்னதற்கு, "வயசாயிடுச்சுல்ல" என்றார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமே கார்டு போட்டோம். மகாபலிபுரம், கன்னியாகுமரி, கொடைக்கானல் எங்கே போனாலும் ஒரு பையன் மடிப்பு மடிப்பாகப் பிரியும் வியூ கார்டைச் சடசடவென்று உதறிக் காட்டுவான். சென்னைத் தொகுப்பு என்றால் 1959இல் வந்த எல்ஐசி, 1973இல் வந்த ஜெமினி மேம்பாலம், 1976இல் வந்த வள்ளுவர் கோட்டம். மறுபடியும் புதிதாக வந்தவையே. வானம் சொட்டு நீலம் போட்ட மாதிரி. ஜெர்மன்காரனே தேவலை. அந்தத் தொகுப்புகளில் ரேஷன் கடை வரிசை இல்லை, கார்ப்பரேஷன் தண்ணீர் லாரியைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் இல்லை, இஸ்திரி வண்டி இல்லை, மாடிப்படிக்கு அடியில் டெலிபோன் வைத்துக்கொண்டு உட்கார்ந்த எஸ்டிடி பூத்காரர் இல்லை. வெள்ளைக்காரன் நம் அன்றாடத்தை வேடிக்கைப் பொருளாக்கிக் காசு பார்த்தான். நாம் அதைப் படம் எடுக்கவே வெட்கப்பட்டோம். பொங்கல் வாழ்த்து அட்டையில்கூட எம்ஜிஆர், சிவாஜி, முருகன் போக மிச்சத்தில் சுவிட்சர்லாந்து பனிமலையை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கார்டில் இருந்த இடங்கள் என்னவாயின? மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் புறநகர் ரயில் நிலையம். அதன் வாசல் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி மூர் மார்க்கெட்டின் குட்டி மாதிரி ஒன்று கட்டிவைத்திருக்கிறார்கள். கார்டு போடுவதற்கென்றே கட்டின அளவு. மவுண்ட் ரோடு கவர்னர் மாளிகையும் கார்டுகளில் அடிக்கடி வருவதுதான். அதை இடித்தார்கள், அந்த வளாகத்தில் புதுச் சட்டமன்றம் கட்டி 2010இல் திறந்தார்கள், ஆட்சி மாறியது, சட்டமன்றம் ஆஸ்பத்திரியாயிற்று. ஒரே இடத்துக்கு மூன்று கார்டு போடலாம். நேப்பியர் பாலத்தில் 1869இல் போட்ட இரும்புப் பாலம் போய் கான்கிரீட் வளைவுகள் வந்து, 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் அடித்தார்கள். அப்போது அங்கே செல்ஃபி எடுத்த கூட்டத்தைப் பார்த்திருந்தால் ஹிக்கின்பாதம் துரை கடையைப் பாலத்துக்கே மாற்றியிருப்பார். மெரினாவில் 'நம்ம சென்னை' என்று பெரிய எழுத்துச் சிலை வைத்திருக்கிறார்கள்; நம்ம தமிழில், சென்னை ஆங்கிலத்தில். அங்கே எடுக்கும் படத்தில் கடல் விழுவதில்லை.

காபிக் கடைப் பையனின் பெருமூச்சுக்கு வருகிறேன். 1901 கணக்கெடுப்பில் மெட்ராஸ் ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். ரோடு காலியாகத்தான் இருக்கும். கூட்டமான நேரத்தில் படக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவும் மாட்டார்கள். கூவம் அப்போதும் நாறியது. கார்டில் வாடை வராது. அந்த அழகான தூண் வைத்த கட்டடங்களில் பல இடத்துக்கு நம் முன்னோர்கள் பின்வாசல் வழியாகத்தான் போக முடியும். மெட்ராஸ் கிளப்பில் இந்தியர்களைச் சேர்க்காததால் அன்றைய வக்கீல்களும் மிராசுதார்களும் சேர்ந்து 1873இல் காஸ்மோபாலிட்டன் கிளப்பைத் தொடங்கிக்கொண்டார்கள். வக்கீலுக்கே அந்தக் கதி. பையன் அப்போது பிறந்திருந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், டிராம் பக்கத்தில் முண்டாசோடு நின்றிருப்பான்.

அந்த முண்டாசும் எங்கேயும் போகவில்லை. போன வருடம் பேத்தியின் பிறந்த நாளுக்கு ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் விசிறி வைத்த தலைப்பாகை, குறுக்குப் பட்டை, பித்தளை வில்லை சகிதம் ஒருவர் கார் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே சுவர் முழுக்க என் சித்தப்பாவின் கார்டுகள், ஆறடி உயரத்துக்கு. பேத்தி வாசல்காரரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். "தாத்தா, செம விண்டேஜ்!" என்றாள். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். விழுப்புரம் பக்கம், பி.காம். படித்தவர், தலைப்பாகை ஹோட்டலுடையது, ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமாம். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்; சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததே என்று பேத்தியின் செல்ஃபியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் தோள் மறைத்திருந்தது.

2004இலிருந்து ஆகஸ்ட் 22ஐ மெட்ராஸ் தினம் என்று கொண்டாடுகிறார்கள். கார்டுக் கண்காட்சி எங்காவது நடக்கும், நானும் போவேன். 2018இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் கல்லூரியில் மெட்ராஸ், பெங்களூர் கார்டுகளை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். வெயில் தாங்கவில்லை என்று எழுதி அனுப்பியவர்களின் ஊரிலேயே அவை சுவரேறின. நம் ஊரில் மிச்சமிருக்கும் வேலையை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது. '1920 மவுண்ட் ரோடு' என்று கொழும்புத் தெருவை அனுப்புகிறார்கள். 'அந்தக் கால மெரினா' என்று கல்கத்தா வருகிறது. நம்புவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். டிராம் மின்கம்பி தெரிந்தால் 1895க்குப் பிந்தியது. பிளாக் டவுன் என்று தலைப்பு இருந்தால், 1906இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறுவதற்கு முன் எடுத்த படமாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கத்தில் மசி ஓடியிருந்தால் பின்பக்கத்தில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரையோ, குப்பை வண்டி தள்ளிவரும் அம்மாவையோ படம் எடுக்கத் தோன்றினால், முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததை போனிலேயே விட்டுவிடாமல் கடையில் கொடுத்து பிரிண்ட் போடுங்கள். பின்பக்கத்தில் பெயர், தெரு, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். அதிகச் செலவு ஆகாது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.